கழன்று வராத ரோட்டர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனுக்கு வரும் ரோட்டில் மண் சரிந்தபோது மூன்று மின்கம்பங்களும் அதோடு போயின. நமுனுகுல மலைச்சரிவில் அப்படி ஒரு மழையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு இறக்கிவிட்டார்கள். மீரியபெத்தவில் மண் சரிந்து லயங்களையே மூடிய பிறகு, இரண்டு நாள் விடாமல் பெய்தால் யாரும் அறிவிப்புக்காகக் காத்திருப்பதில்லை, துணிமூட்டையோடு கிளம்பிவிடுகிறார்கள். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் கணிதம் படிப்பித்தேன். வகுப்பறைகளெல்லாம் பாயும் பானையுமாகிவிட்டதால் எனக்கு வேலை இல்லாமல் போனது.

நல்லவேளையாக ஓர் உயிரும் போகவில்லை. கரண்டு மட்டும்தான் போனது. ரோட்டைத் திறந்தால்தான் கம்பம் கொண்டுவரலாம், மழை நின்றால்தான் ரோட்டைத் திறக்கலாம் என்றார்கள். மற்ற வீடுகளில் விளக்கேற்றிச் சமாளித்தார்கள். எங்கள் வீட்டில் என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. ஈரமும் அடுப்புப் புகையும் சேர்ந்தால் மூச்சு முட்டிவிடும். அதற்காக ஒரு நெபுலைசர் வாங்கி வைத்திருந்தோம். மருந்தை ஊற்றி, முகமூடியை மாட்டி, சுவிட்சைப் போட்டால் பத்து நிமிடம் புகையாக வரும். அதை இழுத்தால் நெஞ்சு திறந்துகொள்ளும். கையில் பிடித்து வாய்க்குள் அடிக்கிற மருந்துப் பம்பும் இருந்தது. ஆனால் மோசமான நாட்களில் பம்பு மட்டும் அவளுக்குப் போதாது. கரண்டு இல்லாவிட்டால் அந்த மெஷின் வெறும் பெட்டி.

பண்டாரவளையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். உண்மையில் அந்த மண்சரிவை ஏறிக் கடக்க அவளுடைய மூச்சு இடங்கொடுக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையில் சக்கரம் வைத்து மின்சாரம் எடுக்க வேண்டும் என்று ஒரு வருடமாக ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து வேலை செய்துகொண்டிருந்தேன். மனைவியின் அண்ணன், என் மச்சான், தேயிலை ஃபேக்டரியில் ரோலர் மெஷினில் வேலை செய்கிறவர். அவர் பழைய சைக்கிள் ரிம்மில் தகரக் கிண்ணங்களைப் பற்றவைத்துச் சக்கரம் செய்து தந்திருந்தார். அது சுற்றுவதற்கு ஓர் இரும்புத் தண்டும் இரண்டு பேரிங்கும் போட்டு ஓடைக்குப் பக்கத்தில் ஊன்றியாகிவிட்டது. செம்புக் கம்பியில் சுருள்கள் சுற்றி ஒரு பலகையில் பதித்திருந்தேன். மிச்சம் இருந்தது ரோட்டர்தான். வட்டமான இரும்புத் தட்டு, அதில் பன்னிரண்டு காந்தம் ஒட்டியது. அது சுருள்களுக்கு முன்னால் சுற்றினால் மின்சாரம் வரும். அந்தத் தட்டுக்கு நடுவில் சரியாக ஓட்டை போட்டு வாங்க பதுளையில் ஒரு கடையில் கொடுத்திருந்தேன்.

கரண்டு போன ஐந்தாம் நாள், மண்சரிவை நடந்தே தாண்டி, அந்தப் பக்கம் பஸ் பிடித்துப் பதுளைக்குப் போனேன். சுருள் பலகையையும் பையில் வைத்துக்கொண்டேன்.

அது மோட்டர்களுக்குக் கம்பி சுற்றிக்கொடுக்கும் கடை. கடைக்காரர் முஸ்லிம், அவரை அண்ணன் என்ற முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். நிதானமான மனிதர். ரோட்டரை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் கிடந்த ஸ்பேனர் துள்ளிப்போய் அதில் ஒட்டியது.

"மாஸ்டர், கொண்டு போக முந்தி ஒரு தரம் சுத்திப் பாப்போமா? எண்ட தண்ணி மோட்டர் ஒண்டு சும்மா கெடக்கு. அதிட ஷாப்ட்டும் ஒங்கட தண்டும் ஒரே அளவுதான்."

எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஓடையில் வைத்து, வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது? இங்கேயே கரண்டில் ஓடும் மோட்டரில் மாட்டிச் சுற்றி, சுருளில் மின்சாரம் வருகிறதா என்று பார்த்துவிட்டால் பயம் இல்லை. மோட்டர் ஷாப்ட்டில் ரோட்டரை வைத்துத் தள்ளினேன். பாதியில் நின்றது.

"ஓட்ட கொஞ்சம் இறுக்கம். எமரித்தாள் போட்டு ஷாப்ட்டத் தேச்சிட்டுப் போடுங்க. பொறகு கழட்டவும் வேணுந்தானே," என்று சொல்லிவிட்டு அவர் தொழுகைக்குப் போய்விட்டார்.

நான் தேய்க்கவில்லை. எமரித்தாள் மேசையிலேயே கிடந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மனதுக்குள் ஓர் அவசரம். மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் நாலு அடி அடித்தேன். ரோட்டர் கடைசி வரைக்கும் போய் உட்கார்ந்தது. அப்போது அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நானா திரும்பி வந்ததும் மோட்டரை ஓட்டினோம். சுருளில் கோர்த்திருந்த கார் பல்பு முதலில் சிவந்தது, பிறகு பார்க்க முடியாதபடி வெள்ளையாக எரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானாவும் சிரித்தார். அதற்குப் பிறகு கழற்றப் பார்த்தோம்.

வரவில்லை.

அவர் எண்ணெய் விட்டார். இரண்டு பக்கமும் நெம்புகோல் கொடுத்து மெதுவாகத் தூக்கினார். மூன்று கால் உள்ள புல்லரை எடுத்தார். தட்டின் விளிம்பைக் கால்களால் கவ்வி, நடுவிலுள்ள திருகை முறுக்கினால் அது ஷாப்ட்டைத் தள்ளி ரோட்டரை இழுக்கும். ஆனால் அந்தக் கால்கள் இரும்பு. கிட்டே கொண்டுபோன உடனே காந்தம் அவற்றைப் பிடித்து இழுத்து அடித்தது. ஒரு காந்தத்தின் மூலை சிதறி விழுந்தது. நானா கையை எடுத்துவிட்டார்.

"இதுக்கு மேல செஞ்சா ஒடஞ்சிரும். நீங்க தேய்க்கல்லதானே?"

நான் குனிந்து சிதறிய துண்டைப் பொறுக்கினேன்.

"பரவால்ல. மோட்டரோடயே கொண்டு போங்க. எண்ணெய விட்டு விட்டுத் தட்டிப் பாருங்க. ரெண்டு மூணு நாள்ல எளகிரும். ரோட்டுத் தொறந்த பொறகு மோட்டரத் தாங்க."

அப்படியே சக்கரத்தோடு அந்த மோட்டரைச் சேர்த்து ஓட்டிவிடலாமா என்றும் யோசித்தோம். ரோட்டர் போன பிறகு ஷாப்ட்டில் ஒரு விரல் அகலம்கூட வெளியே மிச்சமில்லை. சக்கரத்திலிருந்து பெல்ட் மாட்ட இடமே கிடையாது. நான்தான் அதைக் கடைசி வரைக்கும் அடித்திருந்தேனே.

சாக்கில் கட்டி, மோட்டரும் ரோட்டரும் ஒன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் மண்சரிவைத் தாண்டி வந்தேன். வாசலில் இறக்கி வைத்தபோது மனைவி பார்த்தாள்.

"வேல செஞ்சிச்சா?"

"பல்பு எரிஞ்சிச்சு. கடையில."

"கடையிலதான் ஏற்கெனவே கரண்டு இருக்கே," என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்குப் பேசவே சிரமமாக இருந்தது.

அடுத்த நாட்களில் நான் செய்தது அந்த ஒரே வேலைதான். காலையில் எண்ணெய் விடுவேன், தட்டுவேன். மச்சான் வேலை முடிந்து வந்ததும் இருவரும் சேர்ந்து நெம்புவோம். காந்தம் ஆணியை இழுக்கும், சுத்தியலை இழுக்கும். ஒரு தடவை என் இடது கைச் சுண்டுவிரலைச் சுத்தியலுக்கும் தட்டுக்கும் நடுவே வைத்து நசுக்கியது. நகம் கறுத்துப்போனது. பித்தளையில் ஓர் உளி செய்து அடித்தோம். காந்தத்தில் அது ஒட்டாது என்பதுதான் லாபம். ரோட்டர் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. பின்னால் ஓடை நிறைந்து ஓடியது. சக்கரம் தண்ணீரில் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவு தண்ணீர். அவ்வளவு சுழற்சி. அதை அங்கிருந்து எடுத்து இங்கே கொண்டுவர என்னால் முடியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மழை விட்டு, மூடுபனி லயத்து வாசலுக்கே வந்திருந்தது. நான் கொல்லைப்புறத்தில் உளியை வைத்து அடித்துக்கொண்டிருந்தேன். அன்று ஏதோ வெறி பிடித்தவனைப்போல அடித்தேன். திடீரென்று பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருக்கும் அக்கா ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சேர்! எவ்வளவு நேரமா கூப்புடுறாங்க! ஒங்க காதுல விழலையா?"

உள்ளே மனைவி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்து எலும்புக்கு மேல் குழி விழுந்து விழுந்து எழுந்தது. பம்பு தரையில் கிடந்தது. என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிடக் கிடைத்த கொஞ்சம் மூச்சையும் அதற்குச் செலவு செய்திருக்கிறாள். எனக்கு என் சுத்தியல் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

பம்பை எடுத்து அடித்தேன். அவளால் இழுக்க முடியவில்லை. மருந்து வாயிலேயே நின்றது.

தோட்டத்து டிஸ்பென்சரி மண்சரிவுக்கு அந்தப் பக்கம். ஃபேக்டரிதான் எங்கள் பக்கம் கீழே இருந்தது. கொழுந்து கெட்டுப்போகாமல் இருக்க அங்கே ஜெனரேட்டரைத் தினமும் சில மணி நேரம் ஓட்டினார்கள். அந்த நேரத்தில் கொழுந்து லொறி மலைக்கு வந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ரோட்டுக்கு ஓடி லொறியை நிறுத்தினார். மனைவியைத் தூக்கிக்கொண்டு போய் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். நெபுலைசர் பெட்டியை அவள் மடியில் வைத்துவிட்டு நான் படியில் தொற்றிக்கொண்டேன்.

ஃபேக்டரி வாசலுக்கு வரும்போது உள்ளே சத்தம் இல்லை. அப்போதுதான் ஜெனரேட்டரை நிறுத்தியிருந்தார்கள். முதல் நாள் எடுத்த கொழுந்து குறைவு, அதன் வேலை முடிந்துவிட்டது. மண்சரிவுக்கு மேலாக ஆட்கள் கேனில் சுமந்து கொண்டுவரும் டீசல் அது. மச்சான் வெளியே ஓடிவந்து தங்கச்சியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் டீமேக்கரிடம் ஓடினார். தேயிலை தயாரிப்பை மேற்பார்க்கும் அந்த ஐயா கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். வந்து பார்த்தார்.

"எவ்வளவு நேரம் வேணும்?"

"பத்து நிமிசம் போதுங்க ஐயா," என்றேன்.

"போடுங்கடா," என்றார்.

ஒரு ஃபேக்டரியையே ஓட்டும் எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. சுவர் அதிர்ந்தது. ரோலர்கள் எல்லாம் அசையாமல் நின்றன. தேயிலைத் தூள் படாத அலுவலக அறையில், ஒரு நாற்காலியில், அவளுக்கு முகமூடியை மாட்டி சுவிட்சைப் போட்டேன். புகை வந்தது. நாலைந்து நிமிடத்துக்குப் பிறகு அவள் தோள் இறங்கியது. பத்து நிமிடம் முடிந்து முகமூடியைக் கழற்றியதும் அவள் டீமேக்கரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் சங்கடப்பட்டு வெளியே போய்விட்டார்.

லொறி டிரைவர் வாசலில் புகைத்துக்கொண்டு நின்றார். நான் ஓடைச் சக்கரம், ரோட்டர், இறுகிப்போன ஷாப்ட் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டித் தீர்த்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கேட்டுவிட்டு அவர் சாதாரணமாகக் கேட்டார்:

"ஏன் சேர், லொறியில போடுற பேட்டரி ஒண்ண இங்க கொண்டாந்து சார்ஜ் போட்டு வீட்டுக்குக் கொண்டு போனா என்ன? அதுல மெஷின ஓட்ட முடியாதா?"

முடியும். என்னிடம் ஒரு பழைய பேட்டரியும், பேட்டரியிலிருந்து வீட்டுக் கரண்டு எடுக்கும் இன்வர்ட்டரும் இருந்தன. அவையே என் ஓடைத் திட்டத்தின் கடைசிப் பகுதி. கணக்கு வாத்தியார் நான். ஒன்பது நாளாக அது எனக்குத் தோன்றவில்லை. தட்டும் தண்டும் மட்டுமே கண்ணில் நின்றன.

அன்றே பேட்டரியை ஃபேக்டரிக்கு இறக்கினோம். மூன்று நாள் நன்றாக ஓடியது. மச்சான் காலையில் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு, மாலையில் தோளில் சுமந்து வருவார். மனைவி மூன்று நாளும் சுகமாகத் தூங்கினாள். நான் ரோட்டரைத் தொடவில்லை. அதைச் சாக்கால் மூடி வைத்துவிட்டேன்.

பிறகு மழை மறுபடியும் பிடித்தது. மலையில் கொழுந்து எடுக்கப் போக வேண்டாம் என்றார்கள். கொழுந்து இல்லாமல் ஃபேக்டரி இல்லை, ஜெனரேட்டரும் இல்லை. மிச்சமிருந்த டீசலைத் தண்ணீர் பம்புக்கென்று வைத்துவிட்டார்கள். அதைத் தப்பென்று சொல்ல முடியாது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பேட்டரியில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது.

சாக்கை எடுத்தேன்.

"சூடு காட்டுவோம் மாப்ள," என்றார் மச்சான். ஃபேக்டரி வேர்க்‌ஷாப்பிலிருந்து நெருப்பை ஊதும் புளோ லாம்ப் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். "ஃபேக்டரியில புல்லி இறுகினா இப்பிடித்தான் கழட்டுவோம். இரும்பு சூடானா ஓட்ட விரியும். ஒரே தட்டுல வந்துரும்."

சூடு காந்தத்துக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்ள முடியாது. "காந்தத்துக்கு மேல ஈரத்துணி போடுவோம், நடுவுல மட்டும் காட்டுங்க," என்றேன். அவர் நெருப்பை நடுவில் பிடித்தார். ஈரத்துணியிலிருந்து ஆவி கிளம்பியது. நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். பித்தளை உளியை வைத்து ஒரு தட்டு. இரண்டாவது தட்டு. ரோட்டர் வழுக்கிக்கொண்டு வந்து என் கையில் விழுந்தது.

இரண்டு பேரும் கத்தினோம். மச்சான் என்னைக் கட்டிப்பிடித்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள்.

ஆறட்டும் என்று ரோட்டரைப் படிக்கட்டில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, பழக்கத்தில், ஸ்பேனரைக் கிட்டே கொண்டுபோனேன். துள்ளவில்லை. தட்டில் வைத்தேன். மெல்ல ஒட்டிக்கொண்டது. சுண்டுவிரலால் தள்ளினால் நகர்ந்தது. என் நகத்தைக் கறுக்கவைத்த காந்தம் அது. மச்சானிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சந்தோஷத்தில் சக்கரத்தின் தண்டை எமரித்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். நல்லாத் தேய்த்தார். ரோட்டர் கையாலேயே தண்டில் ஏறியது. தண்ணீரைத் திருப்பிவிட்டோம். சக்கரம் சுற்றியது, ரோட்டர் சுற்றியது. பல்பின் கம்பி சிவக்கக்கூட இல்லை.

"தண்ணி காணாதோ?" என்றார் மச்சான்.

தண்ணீர் கரை தளும்பி ஓடிக்கொண்டிருந்தது. "காந்தம் செத்துப்போச்சு மச்சான்," என்றேன். அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். புளோ லாம்பைக் கொண்டுவந்தது தான்தான் என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. "நான்தான் சரின்னு சொன்னேன்," என்றேன். அவர் கேட்டதுபோலத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் அவளுக்கு மறுபடியும் வந்தது. பேட்டரியில் இருந்ததை அதற்கு முதல் நாளே பயன்படுத்திவிட்டோம். மெஷின் ஒரு நிமிடம் முனகிவிட்டு நின்றது. பம்பில் எத்தனை அடி மிச்சம் என்று தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு பிளாஸ்டிக் போத்தலின் அடியில் ஓட்டை போட்டு அதில் பம்பைச் செருகிக் கொண்டுவந்தார். அவருடைய பேத்திக்குக் கிளினிக்கில் அப்படிச் செய்து காட்டினார்களாம். மருந்து போத்தலுக்குள் நிற்கும், மெல்ல மெல்ல இழுக்கலாம். ஓர் அடி, ஆறு மூச்சு. இன்னோர் அடி, ஆறு மூச்சு. நான் பின்னால் உட்கார்ந்து அவளை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் என்னை அறியாமல் நானும் சேர்ந்து இழுத்தேன். என் நெஞ்சுக்குள் காற்று தாராளமாகப் போய் வந்தது. அதில் ஒரு பிடியை எடுத்து அவளுக்குக் கொடுக்க வழியில்லை. அன்று மத்தியானம் நான் செய்யக்கூடியதென்று ஒன்றுமே இருக்கவில்லை. முதுகைத் தாங்கிப் பிடித்திருந்ததைத் தவிர.

எத்தனை நேரம் என்று தெரியாது. மழை கூரைத் தகரத்தில் அடித்து ஓய்ந்தபோது அவள் மூச்சு கொஞ்சம் இளகியிருந்தது. தேத்தண்ணி கேட்டாள். அக்கா அழுதுகொண்டே அடுப்புக்குப் போனார்.

அதற்குப் பிறகு நாலாம் நாள் கரண்டு வந்தது. ரோட்டைத் திறந்தார்கள், கம்பம் நட்டார்கள். முற்பகல் பதினொரு மணிக்கு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், வீட்டு லைட் எரிந்தது. என்னுடைய எந்த முயற்சிக்கும் அதோடு சம்பந்தமில்லை.

மோட்டரைத் திருப்பிக் கொடுக்கப் பதுளைக்குப் போனபோது ரோட்டரையும் காட்டினேன். நானா ஓர் ஆணியை அதில் வைத்துத் தட்டைச் சாய்த்துப் பார்த்தார். ஆணி நழுவி விழுந்துவிட்டது.

"நெருப்புக் காட்டினீங்களோ?"

"ஆமாங்க நானா."

"ம்." ஆணியைக் குனிந்து எடுத்தார். "வீட்டுல அவங்களுக்கு இப்ப எப்பிடி?"

"பரவாயில்லைங்க."

"அது போதும்," என்றார். புதுக் காந்தம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது வீட்டில் எப்போதும் சார்ஜ் ஏற்றிய ஒரு பேட்டரி இருக்கிறது. பம்பு இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம். ஆனாலும் மேகம் இறங்கும் நாட்களில் அவள் இருமினால் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து நின்றுவிடுகிறேன். போன வாரமும் அப்படி வந்து வாசலில் நின்றேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைமடுவத்தில் அவளிடம் விட்டுப்போகும் குழந்தைகளின் துணியை அவள் மடித்துக்கொண்டிருந்தாள்.

"வெறும் இருமல்ங்க," என்றாள். "போய் ஒங்க வேலையப் பாருங்க."

நான் போகவில்லை. அவளுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.